தளநாரும் கூடைக்கயிறும்

(மலையகத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்திருந்த நமது சங்கத் தோழர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும், வடமராட்சியைச் சேர்ந்த பனையோலைத் தொழிலாளியான ஒரு தோழி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



விடியப்புறம் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.  எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. ஓலை பின்னுகிறவள் நான், என் அப்பா பனை ஏறியவர். தெரிந்ததைச் சொல்கிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் காட்டவென்று ஒரு சாமான் கொண்டுவந்திருக்கிறேன். கையில் வாங்கிப் பாருங்கள். இதுதான் தளநார். பச்சைப் பனைமட்டையைப் பிளந்து, நாராய் வார்ந்து, முறுக்கி வளையமாகக் கட்டியது. பனை ஏறுகிறவர் இரண்டு பாதத்தையும் இதற்குள் மாட்டிக்கொண்டுதான் மரத்தில் உன்னி உன்னி ஏறுவார். அப்பா நாற்பது வருசம் இப்படி ஏறினார். காலையும் பின்னேரமும் அவர் உயிர் இந்த நாரில்தான் இருந்தது.

இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம் வரும். மலையில் கொழுந்து பறிக்கிற அக்காமாரின் நெற்றியில் கூடைக்கயிறு பதிந்த தழும்பை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் பாதத்திலும் அதே மாதிரி ஒரு தழும்பு கறுத்துப்போய் இருந்தது. ஒருவருக்குக் காலில் கயிறு, ஒருவருக்குத் தலையில் கயிறு. இரண்டு இடத்திலும் பாரம் தாங்கியது செடியிலும் மரத்திலும் எடுத்த நார்தான். இப்போது பல தோட்டங்களில் கூடைக்குப் பதில் நைலோன் பையும் கயிறும் வந்துவிட்டன என்று சொல்கிறீர்கள். இங்கேயும் கடகமும் உமலும் போய் பிளாஸ்ரிக் வாளி வந்துவிட்டது.

ஆனால் ஊரிலே நாங்கள் கைவிட்ட நாரை இன்று வெளிநாட்டுக் கடைக்காரர் தேடி வருகிறார்கள். உடுப்பும் பையும் செருப்பும் விற்கிற பெரிய கொம்பனிகள் “இயற்கை நார், பூமிக்குக் கேடில்லாதது” என்று விளம்பரம் போடுகின்றன. இதில் எவ்வளவு உண்மை, இதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் உண்மையான பக்கத்தைச் சொல்கிறேன்.

உலகத்தில் ஒரு வருசத்தில் உற்பத்தியாகிற நார் 12 கோடி தொன்னுக்கு மேல். அதில் பாதிக்கு மேல் பொலியெஸ்ரர். அது செடியில் விளைவதில்லை, மண்ணெண்ணெயும் பெற்றோலும் எடுக்கிற அதே கச்சா எண்ணெயில் செய்வது. உக்காது. ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் துகள் கழன்று வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. பருத்தி ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். பருத்தி நல்லதுதான், ஆனால் அதற்கும் தண்ணீர் வேண்டும். ஒரு பருத்திச் சேட்டுக்குப் பின்னால் 2,700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்கு அடியில் மழை சேர்த்துவைத்த கிணற்றுத் தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாம். அப்படிப்பட்ட ஊருக்கு அந்தக் கணக்கு பயமூட்டுகிற கணக்கு.

பனைக்கு யாரும் தண்ணீர் இறைப்பதில்லை, பசளை போடுவதில்லை. காய்க்கப் பத்துப் பதினைந்து வருசம் எடுக்கும். ஆணா பெண்ணா என்பதே பாளை வந்த பிறகுதான் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேலும் நிற்கும். நாரிலும் பல வகை இருக்கிறது. அடிமட்டையைத் தட்டிச் சீவி எடுப்பது தும்பு. அது முரடு, விறைப்பு, தண்ணீரில் இலகுவில் உக்காது. தும்புத்தடிக்கும் தூரிகைக்கும் அதுதான் தோது. பிரித்தானியர் காலத்திலேயே அது இந்தப் பக்கத்திலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் கப்பலேறியது. மட்டையின் தண்டிலிருந்து வார்வது நார். கடகம் பொத்தவும் கட்டில் பின்னவும் தளநார் முறுக்கவும் அதுதான். குருத்தோலையை வார்ந்து காயவைத்தால் பை, தொப்பி, பாய், பெட்டி. ஓலையின் நடு ஈர்க்கில் சுளகும் விளக்குமாறும். பன்னாடைகூட வீண்போவதில்லை, கள்ளு வடிக்க ஆகும். பனைக்கு 801 பயன் என்று பழைய ஆட்கள் பாட்டிலே எண்ணிச் சொன்னார்கள்.

பனை மட்டுமில்லை. நீர்வேலிப் பக்கம் போனால் வாழைத்தோட்டம். வாழை ஒரு தரம் குலை போட்டால் தண்டை வெட்டி எறிவார்கள். அந்த எறிகிற தண்டுக்குள்ளும் நார் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் வாழையின் சொந்தக்கார மரம் ஒன்றிலிருந்துதான் மணிலாக் கயிறு செய்கிறார்கள். நெல் அறுவடை முடிந்தால் எங்கள் வயல்களில் சணல் விதைப்பார்கள். மஞ்சளாய்ப் பூத்து நிற்கும்போது படம் எடுக்கக் கூட்டம் வரும். பூத்ததும் உழுது மண்ணுக்குப் பசளையாக்கிவிடுவோம். அந்தச் சணலும் கயிறும் வலையும் செய்யத் தக்க நார்தான்.

ஆகவே நாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பனைநாரில் சேட்டுத் தைக்க முடியாது, முரடு. பொலியெஸ்ரருக்குப் பதில் பனை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பை, தொப்பி, செருப்பு, கூடை, தூரிகை, விரிப்பு, இவ்வளவுதான் அதன் எல்லை. இந்த எல்லைக்குள்ளேயே எத்தனையோ ஆயிரம் வீடுகளுக்கு அடுப்பெரிய வழி இருக்கிறது.

இதற்கென்று 1978 இல் பனை அபிவிருத்திச் சபை யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் எங்கள் பெண்கள் பின்னிய சாமான்களைப் பார்க்கலாம். சீவல் தொழிலாளருக்கு 1970களிலிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. தவறணைக் குத்தகைக்காரரிடம் கைகட்டி நின்ற ஆட்கள் தங்கள் சங்கத்தின் பெயரில் கள்ளு விற்கத் தொடங்கியது சின்ன விசயமில்லை. “பனையேறி” என்ற சொல்லை வசையாகச் சொன்ன ஊர் இது. தேநீர்க்கடையில் எங்களுக்குத் தனிப் பேணி, கோயில் வாசலில் தடை. 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசல் திறக்கப் போராடியவர்களில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள்.

உங்களையும் இந்த ஊர் மரியாதையாக நடத்தியது என்று சொல்ல எனக்கு வாய் வராது. மலையிலிருந்து வந்த சின்னப் பிள்ளைகள் எத்தனை பேர் யாழ்ப்பாணத்து வீடுகளில் பாத்திரம் கழுவி வளர்ந்தார்கள்! “தோட்டக்காட்டான்” என்ற சொல்லும் இங்கே புழங்கியதுதான். அதைச் சொல்லாமல் தோழமை பேசினால் அது வெறும் வாய்ப்பேச்சு. 1977 இலும் 1983 இலும் அடிபட்டு வந்த மலையகக் குடும்பங்கள் வன்னியில் காடு வெட்டிக் குடியேறின. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று கிளிநொச்சியில் எங்கள் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அந்த பஸ்ஸில் ஒருவரையொருவர் யாரென்று கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே மணி, ஒரே இலக்கு, ஒரே மேற்பார்வையாளர்.

இனி என் சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். இதுதான் நான் சொல்லவந்த முக்கிய விசயம்.

சில வருசத்துக்கு முன் எங்கள் பெண்கள் குழுவுக்கு ஒரு ஓடர் கிடைத்தது. 60 கைப்பை. கொழும்பிலிருந்து ஒரு வாங்குநர் வந்தார், நல்லாய்த்தான் பேசினார். மாதிரிப் படம் காட்டினார். பை ஒன்றுக்கு 900 ரூபா. எங்களுக்குப் பெரிய சந்தோசம். இரண்டு பேர் வடலிக்குப் போய்க் குருத்து வெட்டினோம். காயவைத்தோம், வார்ந்தோம், சாயத்தில் அவித்தோம், பின்னினோம், நாரால் வாய் கட்டினோம். பத்துப் பேர் இரண்டு கிழமை இருந்து முடித்தோம்.

வாங்குநர் ஒவ்வொரு பையிலும் தொங்கவிட ஒரு அட்டை கொடுத்தார். அழகான அட்டை. மரத்தின் படம், ஆங்கில எழுத்து. என் மகள் வாசித்துச் சொன்னாள்: “அம்மா, இது பூமிக்கு நல்லதாம். யாழ்ப்பாணத்துக் கைவினைப் பெண்களின் கலையாம். விலை 28 டொலராம்.”

சாமான் அனுப்பியது ஐப்பசி கடைசியில். மாரி தொடங்கிவிட்டது. போய்ச் சேர்ந்ததில் 14 பையில் பூஞ்சணம் பிடித்திருந்தது என்று திருப்பிவிட்டார்கள். அந்த 14 பைக்கும் காசு இல்லை. போக்குவரத்துச் செலவும் எங்கள் தலையில். காற்றுப் புகாத பையில் பொதி செய்தது நாங்களில்லை. ஆனால் நட்டம் எங்களுடையது.

அன்றிரவு மகளின் கொப்பியில் கணக்குப் போட்டேன். ஓலை வெட்டுகூலி, சாயம், விறகு, பஸ் காசு எல்லாம் கழித்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு விழுகிறதென்று பார்த்தேன். 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். கணக்கு பிழையென்று நினைத்து இரண்டாம் தரம் போட்டேன். பிழையில்லை.

நீங்கள் 1,000 ரூபாவுக்கு எத்தனை வருசம் போராடினீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அது போதவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் உங்களுக்கு ஒரு சம்பளச் சபை இருக்கிறது. நாள் தவறினால் கேட்க ஒரு செக்ரோல் இருக்கிறது. துரை பேரை அரைப்பேராக வெட்டினால் சங்கத்துத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஒப்பீசுக்குப் போக ஒரு வழி இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் பின்னுகிற எங்களுக்குச் செக்ரோல் எங்கே? நாங்கள் “கைவினைஞர்”, “சுயதொழில் செய்வோர்”, “பயனாளிகள்”. எத்தனை அழகான பெயர்! தொழிலாளி என்ற பெயர் மட்டும் இல்லை. அந்தப் பெயர் இல்லாதபடியால் ஊழியர் சேமலாப நிதி இல்லை, நட்டஈடு இல்லை, பிள்ளைப்பேற்று விடுமுறை இல்லை.

அப்பா விழுந்தது ஒரு சித்திரை மாதம். தளநார் அறவில்லை. மேலே பிடித்த மட்டை பிய்ந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது. பிறகு எட்டு வருசம் கட்டிலில் இருந்தார். வேலை செய்யும்போது விழுந்த ஆளுக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1934 இலிருந்து இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு முதலாளி வேண்டும். அப்பாவுக்கு முதலாளி யார்? மரக்காரனா, கள்ளு குடிக்கிறவனா? அவர் கட்டிலில் கிடந்து கேட்ட கேள்வி அது. எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது.

இதிலே புதுமை ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு பழைய கதை. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் மன்னாரிலும் இம்பூறல் என்ற சிறு செடியின் வேரைத் தோண்டினார்கள். சாயவேர் என்பது அதுதான். துணிக்கு நல்ல சிவப்புச் சாயம். அந்தக் காலத்து நாகரிக உடுப்புக்கு அது வேண்டும். தோண்டுகிற உரிமை கொம்பனியின் கையில். மணலைக் கிளறிய ஆட்களுக்கு அது சாதிக் கடமை. பிறகு ஜெர்மனியில் 1869 அளவில் அந்தச் சிவப்பை ஆய்வுகூடத்தில் செய்யக் கண்டுபிடித்தார்கள். வேருக்கு மதிப்புப் போனது. சாயம் இயற்கையானதுதான். ஆனால் இயற்கையானது என்பதால் தோண்டியவனுக்கு நீதி கிடைக்கவில்லை. சந்தை மாறியபோது அவனுக்கென்று ஒரு சேமிப்பும் மிஞ்சவில்லை. பனைநாருக்கும் இதுவே நடக்கக்கூடாது.

மரத்தையும் மறக்கக்கூடாது. யுத்த காலத்தில் எத்தனை பனை பதுங்குகுழிக்குக் குற்றியாய்ப் போனது! ஷெல் விழுந்து தலையில்லாமல் நின்றது எத்தனை! பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 1951 இல் போட்ட சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் வெட்டுகிறார்கள். இன்னொரு பக்கம், ஓடர் கூடினால் எங்கள் கையே மரத்துக்குக் கேடாகும். வடலியின் குருத்தை அளவுக்கு மிஞ்சி வெட்டினால் வடலி சவளும், வளர்ச்சி நிற்கும். என் அம்மா ஒரு வடலியில் வெட்டினால் அடுத்த குருத்து விரியும்வரை அதைத் தொடமாட்டா. விலை குறைந்தால் தொகையைக் கூட்டித்தான் பிழைக்கவேண்டும். அப்போது அம்மாவின் கட்டுப்பாடு காற்றில் போய்விடும். ஆகவே தொழிலாளியின் கூலியும் மரத்தின் ஆயுளும் வெவ்வேறு விசயமில்லை. தேயிலையிலும் இது உங்களுக்குத் தெரியும். கிலோவைக் கூட்டச் சொன்னால் முற்றின இலையும் சேர்ந்து கூடைக்குள் வரும், செடியும் கெடும்.

வெளிநாட்டிலும் இதே கேள்விதான். 2013 ஏப்ரல் 24 ஆம் திகதி பங்களாதேசில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் செத்தார்கள். முதல்நாளே சுவரில் வெடிப்பு. வேலைக்குப் போகமாட்டோம் என்றவர்களைக் கட்டாயப்படுத்தி உள்ளே அனுப்பினார்கள். அவர்கள் தைத்த துணி பருத்தியா பொலியெஸ்ரரா என்பது செத்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் செய்யவில்லை. உள்ளே போகமாட்டோம் என்று சேர்ந்து நின்று சொல்லப் பலமான சங்கம் அங்கே இருக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. இனி உடுப்புப் போன்ற பொருட்களுக்குப் படிப்படியாக ஒரு டிஜிற்றல் கடவுச்சீட்டு வரும். என்ன நாரில் செய்தது, எவ்வளவு காலம் உழைக்கும், திருப்பிப் பயன்படுத்தலாமா என்ற விவரம் அதில் இருக்கும். நல்ல விசயம். ஆனால் நாருக்குக் கடவுச்சீட்டு வருகிற நேரத்தில், நாரை வார்ந்த கைக்கு ஒரு துண்டுகூட இல்லை. உங்கள் தாத்தா பாட்டிமாருக்கு 1948 இல் குடியுரிமையையே பறித்த நாடு இது. ஒரு காகிதத்தின் பெறுமதியை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

எங்களுக்கு ஒரு பிடியும் இருக்கிறது. இலங்கை உடுப்பு ஐரோப்பாவுக்கு வரிச்சலுகையோடு போகிறது. ஜீ.எஸ்.பி. பிளஸ் என்கிறார்களே, அதுதான். 2017 இல் திரும்பக் கிடைத்தது. அதற்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு மதிக்கவேண்டும். சங்கம் அமைக்கிற உரிமையும், கூட்டுப்பேரம் பேசுகிற உரிமையும் அதற்குள் இருக்கின்றன. இதை எங்கள் பிள்ளைகள் படித்து வைத்திருக்கவேண்டும்.

ஆகவே, தோழர்களே, நான் கேட்பது மூன்று விசயம்.

ஒன்று: கணக்கு எழுதுங்கள். வீட்டிலிருந்து பின்னுகிறவரும், கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவரும், துண்டுக்கணக்கில் தைக்கிறவரும், எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எத்தனைக்கு முடித்தோம், என்ன கிடைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். செக்ரோல் தராவிட்டால் நாங்களே செக்ரோல் வைப்போம். அந்த 60 பைக்குப் பிறகு எங்கள் குழு எழுதத் தொடங்கியது. அடுத்த ஓடர் வந்தபோது கொப்பியைக் காட்டிப் பேசினோம். 900 ரூபா 1,700 ஆனது. மழைக்காலத்துப் பொதிக்கு வாங்குநரே பொறுப்பு என்றும் எழுதி வாங்கினோம். ஓடர் சின்னதாய்ப் போனது உண்மை, 25 பைதான். ஆனால் முந்தின 60ஐ விட ஒவ்வொருத்தியும் வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கூலி கூட.

இரண்டு: உங்கள் சங்கத்தின் கதவை எங்களுக்கும் திறவுங்கள். தோட்டத் தொழிலாளி என்றால் தேயிலை, இறப்பர், தென்னை என்றுதான் இவ்வளவு காலம். பனை வரிசையில் நட்ட தோட்டமில்லை, துரை இல்லை, லயம் இல்லை. ஆனாலும் மரத்தில் உழைத்து உயிர் வாழுகிறவர்கள் நாங்கள். சீவுகிறவரும் தும்பு அடிக்கிறவரும் ஓலை பின்னுகிறவரும் தொழிலாளிதான் என்று உங்கள் மாநாட்டில் ஒரு தீர்மானம் போடுங்கள்.

மூன்று: ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற எங்கள் மகள்மார் ஒருவரையொருவர் அறியட்டும். கட்டுநாயக்காவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிற பிள்ளைகள் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது கூப்பிட்டு இருத்திக் கேளுங்கள்: அங்கே என்ன துணி, யார் வாங்குகிறார்கள், சங்கம் வைக்க விடுகிறார்களா? பனைநாரில் பை பின்னுகிற தாயும் பொலியெஸ்ரரில் காற்சட்டை தைக்கிற மகளும் ஒரே வீட்டில்தான் சோறு தின்கிறார்கள்.

2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நீங்கள் நடந்தீர்கள். 200 வருசத்துக்கு முன் உங்கள் முன்னோர் நடந்த வழி. கப்பலால் இறங்கியதும் அவர்கள் முதலில் கண்ட மரம் பனையாகத்தான் இருந்திருக்கும். மன்னார்க் கரையில் வேறு நிழல் அதிகமில்லை.

போகும்போது வாசலில் ஒரு சாக்கு இருக்கிறது. அதற்குள் பனங்கொட்டை. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஹற்றன் குளிருக்கு இது சரிவராது, அது எனக்குத் தெரியும், சிரிக்காதீர்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிற உங்கள் சொந்தக்காரரிடம் கொடுங்கள். மாரி மழைக்கு முன் வேலியோரத்தில் புதைக்கச் சொல்லுங்கள். பயன் எடுக்கப்போவது நாங்களில்லை, எங்கள் பேரப்பிள்ளைகள். அவர்கள் அதன் நாரை வார்கிறபோது, கூலியையும் கேட்டு வாங்கத் தெரிந்த பிள்ளைகளாய் இருக்கவேண்டும். அதற்கான வேலையை இந்த வருசமே தொடங்குவோம்.

இப்போது அந்தத் தளநாரைத் திருப்பித் தாருங்கள். அது அப்பாவினுடையது.